நடுத்தர லேப்டாப்பில் கேம்: கிராபிக்ஸ் கார்டு எங்கே முட்டிக்கொள்கிறது?

கார்டின் பெயரை நம்பி லேப்டாப் வாங்கி, அதே கார்டை வைத்து யாரோ யூடியூபில் காட்டிய ஃபிரேம் எண்ணிக்கை (நொடிக்கு எத்தனை படம் என்பது) தன் திரையில் வராமல் விழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நடுத்தரம் என்று நான் சொல்வது என்விடியாவில் 50, 60 என்று முடியும் பெயர்களை: 3050, 3060, 4050, 4060, 5050, 5060. வாசற்படியில் நிற்பவை 4070-ம் 5070-ம். ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 7600 வரிசையை இந்தப் பக்கம் சேர்க்கலாம்.

டெஸ்க்டாப்பில் இருக்கும் 4070-ம் லேப்டாப்பில் இருக்கும் 4070-ம் ஒன்றுதானே?

இல்லை, பெயர்தான் ஒன்று. டெஸ்க்டாப் 4070-ல் 5,888 கோர்கள் (கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகுகள்), 12 ஜிபி மெமரி, 200 வாட் மின்சாரம். லேப்டாப் 4070-ல் 4,608 கோர்கள், 8 ஜிபி மெமரி. சிப்பே வேறு. டெஸ்க்டாப்பில் 4060 டிஐ என்ற பெயரில் வரும் கார்டுக்குத்தான் இது சொந்தக்காரன். மேலே போகப் போக இடைவெளி பெரிதாகும்: 4090 என்ற ஒரே பெயருக்கு டெஸ்க்டாப்பில் 16,384 கோர்கள், லேப்டாப்பில் 9,728.

3060-ல் கதை தலைகீழ். அங்கே லேப்டாப் கார்டில்தான் கோர்கள் அதிகம்: 3,840. டெஸ்க்டாப்பில் 3,584. ஆனாலும் பந்தயத்தில் டெஸ்க்டாப் கார்டு முந்திவிடும், ஏனென்றால் அதற்கு 170 வாட்டும் 12 ஜிபி மெமரியும் இருக்கின்றன. லேப்டாப்புக்குக் கிடைப்பது அதிகபட்சம் 115 வாட்டும் 6 ஜிபியும். 4060-ல் இரு பக்கமும் 3,072 கோர்கள், 8 ஜிபி. முழு வாட் கொடுத்த லேப்டாப் 4060 தன் டெஸ்க்டாப் அண்ணனுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். 40 வரிசையில் பெயருக்கு நேர்மையாக இருப்பது அது ஒன்றுதான் என்பேன்.

முன்பெல்லாம் லேப்டாப் கார்டுக்குப் பின்னால் 'எம்' என்று ஓர் எழுத்து இருக்கும், 980எம் போல. 2016-ல் வந்த 10 வரிசையோடு அதை எடுத்துவிட்டார்கள். அப்போது இரண்டுக்கும் வித்தியாசம் குறைவு, எடுத்ததில் நியாயம் இருந்தது. பிறகு வித்தியாசம் திரும்பி வந்தது, எழுத்து வரவில்லை.

என்னிடமும் 4060, நண்பனிடமும் 4060. அவன் லேப்டாப் மட்டும் ஏன் வேகமாக ஓடுகிறது?

வாட். லேப்டாப் கார்டுகளைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் மனதில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். 4050, 4060, 4070 மூன்றுக்கும் என்விடியா கொடுத்திருக்கும் மின் வரம்பு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. அதற்குள் எங்கே நிறுத்துவது என்பது லேப்டாப் தயாரிப்பாளர் முடிவு. மெல்லிய உடம்பில் போட்டால் 45, 60 என்று நிறுத்துவார்கள். தடித்த கேமிங் லேப்டாப்பில் முழுதாகத் திறந்து விடுவார்கள். இந்த எண்ணைத்தான் டிஜிபி என்கிறார்கள்.

மின்சாரம் குறைந்தால் சிப் ஓடும் வேகம் குறைகிறது, அவ்வளவுதான் கணக்கு. ஒரு லாரி எஞ்சினுக்கு ஆட்டோவின் டீசல் குழாயைப் பொருத்தியது போல. இதனால் ஒரு விசித்திரம் நடக்கும்: வாட் குறைத்த 4070-ஐ முழு வாட் 4060 தோற்கடித்துவிடும். பெரிய எண் உள்ள பெட்டிக்கு அதிகப் பணம் கொடுத்தவர் பின்னால் வருவார்.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். 4060-க்கு 100 வாட்டைத் தாண்டிக் கொடுப்பதில் பெரிய லாபமில்லை. அந்த அளவில் சிப் தன் உச்ச வேகத்தை ஏறக்குறையத் தொட்டுவிடுகிறது. ஆகவே விளம்பரத்தில் 140 வாட் என்று பார்த்து வாயைப் பிளக்க வேண்டாம். அந்த எண்ணில் 'டைனமிக் பூஸ்ட்' என்று சிபியுவிடமிருந்து, அதாவது லேப்டாப்பின் முக்கியப் பிராசசரிடமிருந்து, கடன் வாங்கும் வாட்டும் சேர்ந்திருக்கும்.

வாட் எவ்வளவு என்று வாங்குவதற்கு முன் எப்படித் தெரிந்துகொள்வது?

தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் முழு விவரப் பட்டியலைத் திறந்து, கிராபிக்ஸ் வரியில் டிஜிபி அல்லது அதிகபட்ச கிராபிக்ஸ் பவர் என்ற எண்ணைத் தேடுங்கள். விற்பனைப் பக்கத்தின் சுருக்கத்தில் அநேகமாக இருக்காது. எங்குமே எழுதவில்லை என்றால் எண் குறைவாக இருக்கும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அதிக வாட் கொடுத்தவர் அதை மறைக்க மாட்டார்.

ஏற்கெனவே கையில் இருக்கிறதா? என்விடியா கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் அங்கேயே எழுதியிருக்கும்.

6 ஜிபி வி-ரேம் (கார்டின் சொந்த மெமரி) போதுமா? 8 ஜிபி?

எந்த கேம் என்பதைப் பொறுத்தது. வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி கேம்களுக்கு 4 ஜிபியே தாக்குப்பிடிக்கும். பெரிய கதை கேம்களில்தான் பிரச்சினை.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். கேமில் சுவர், தோல், துணி என்று ஒவ்வொன்றின் மேலும் ஒட்டப்படும் படத்துக்கு டெக்ஸ்சர் என்று பெயர். 4096-க்கு 4096 அளவுள்ள ஒரு டெக்ஸ்சர், சுருக்காமல் வைத்தால் 64 எம்பி. நான்கில் ஒன்றாகச் சுருக்கினாலும் 16 எம்பி. ஒரே பொருளுக்கு நிறம், மேடு பள்ளம், பளபளப்பு என்று மூன்று நான்கு படங்கள் வேண்டும். ஒரு தெருவில் எத்தனை பொருள்கள் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இவை எல்லாம் வி-ரேமில் குடியிருக்க வேண்டும்.

2020-ல் பிளேஸ்டேஷன் 5 வந்தது. அதில் சிபியுவும் ஜிபியுவும் (கிராபிக்ஸ் சிப்) பகிர்ந்துகொள்ளும் மெமரி 16 ஜிபி. அதை மனதில் வைத்து எழுதப்பட்ட கேம்கள் பிறகு கணினிக்கு வரும்போது 6 ஜிபி கார்டைப் பார்த்து முகம் சுளிக்கின்றன. 4050-ன் வேகத்தில் எனக்குக் குறையில்லை. அதன் 6 ஜிபிதான் அதன் கழுத்தில் கட்டிய கல். 5050 லேப்டாப் கார்டுக்கு 8 ஜிபி கொடுத்தது நல்ல விஷயம். ஆனால் அதே தலைமுறையில் 5070 லேப்டாப் கார்டுக்கும் அதே 8 ஜிபியைக் கொடுத்தார்களே, அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

1080பி (1920-க்கு 1080 புள்ளிகள்) திரைக்கு இப்போதைக்கு 8 ஜிபி வைத்து ஓட்டலாம், டெக்ஸ்சரை ஒரு படி இறக்க மனமிருந்தால். புதிதாக வாங்குபவர் 8 ஜிபிக்குக் கீழே இறங்க வேண்டாம்.

டாஸ்க் மேனேஜரில் 'ஷேர்டு ஜிபியு மெமரி 8 ஜிபி' என்று தனியாகக் காட்டுகிறதே, அதையும் சேர்த்தால் போதாதா?

அது கார்டின் மெமரி இல்லை. உங்கள் சாதாரண ரேமில் பாதியை 'அவசரத்துக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்' என்று விண்டோஸ் ஒதுக்கிக் காட்டுவது. 4060 லேப்டாப் கார்டு தன் சொந்த மெமரியிலிருந்து நொடிக்கு 256 ஜிபி படிக்கும். வெளியே உள்ள ரேமுக்குப் போக வேண்டுமானால் பிசிஐஇ பாதை வழியாகப் போக வேண்டும். அதில் நொடிக்குச் சுமார் 16 ஜிபிதான். பதினாறில் ஒரு பங்கு. வி-ரேம் நிரம்பிய கேமில், சராசரி ஃபிரேம் நன்றாகத் தெரிந்தாலும் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் ஒரு வெட்டு வெட்டுகிறதே, அதற்குக் காரணம் இந்தப் பயணம்தான்.

பத்து நிமிடம் அருமையாக ஓடுகிறது, அப்புறம் ஃபிரேம் சரிகிறது. கார்டு கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை, சூடு. நடுத்தர லேப்டாப்புகளில் சிபியுவுக்கும் ஜிபியுவுக்கும் சூட்டைக் கடத்தும் செப்புக் குழாய்கள் ஒன்றாகவே இருக்கும். ஒரே கிணற்றில் இரண்டு பேர் இறைப்பது மாதிரி. ஆரம்பத்தில் உலோகம் குளிர்ந்திருக்கிறது, இரண்டும் முழு வேகத்தில் ஓடுகின்றன. குழாய்கள் நிறைந்ததும் யாராவது விட்டுக்கொடுக்க வேண்டும். அநேகமாக இரண்டுமே விட்டுக்கொடுக்கின்றன. இதனால்தான் ஐந்து நிமிட டெஸ்ட் வீடியோவை நான் நம்புவதில்லை. அரை மணி நேரம் ஆடிய பிறகு என்ன வருகிறதோ அதுதான் உங்கள் லேப்டாப்பின் வேகம்.

செய்யக்கூடியவை சில இருக்கின்றன. லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி வையுங்கள்; காற்று அடியிலிருந்துதான் உள்ளே போகிறது, மெத்தை மேல் வைத்து ஆடுவது அதன் மூக்கைப் பொத்துவது போல. ஓராண்டு ஆகியிருந்தால் விசிறிகளில் தூசி சுத்தம் செய்யுங்கள். ஃபிரேம் எண்ணிக்கைக்கு உச்ச வரம்பு வையுங்கள்: 90 வந்து 60-க்கு விழுவதைவிட 70-ல் நிலையாக நிற்பது கண்ணுக்கு இதம், சூடும் குறைவு.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த தந்திரம்: சிபியுவின் டர்போவை, அதாவது வழக்கத்தைத் தாண்டி ஓடும் வேகத்தை, அணைப்பது. விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் 'மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்' என்ற இடத்தில் 100-ஐ 99 என்று மாற்றினால் போதும். சிபியு அடங்கிவிடும், மிச்சமாகும் குளிர்ச்சி ஜிபியுவுக்குப் போகும். கேமில் ஜிபியுதான் தடையாக இருக்கிறது என்றால் ஃபிரேம் குறையாது, சில நேரம் ஏறவும் செய்யும். சில புதிய லேப்டாப்புகளில் அந்த வரி மறைந்திருக்கும். அப்போது தயாரிப்பாளரின் சொந்த மென்பொருளில் அமைதியான மோடைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

85 டிகிரி காட்டுகிறது. வெடித்துவிடாதே?

வெடிக்காது. இந்தக் கார்டுகள் பல லேப்டாப்புகளில் 87 டிகிரி அளவில் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்டெல் சிபியு பலவற்றின் வரம்பு 100. ஆனால் விசைப்பலகை கையைச் சுடுகிறது என்றால் மேலே சொன்னதைச் செய்யுங்கள்.

மக்ஸ் சுவிட்ச் என்கிறார்களே, அது அவசியமா?

லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் இருக்கும்: சிபியுவோடு சேர்ந்த சின்னது ஒன்று, தனிக் கார்டு ஒன்று. பேட்டரி சேமிப்புக்காக 2010-ல் என்விடியா 'ஆப்டிமஸ்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதில் திரை சின்னதோடுதான் இணைந்திருக்கும். தனிக் கார்டு வரைந்த ஒவ்வொரு படமும் சின்னதிடம் ஒப்படைக்கப்பட்டு, அதன் பிறகுதான் திரைக்கு வரும். நொடிக்கு 60 படம் என்றால் இந்தச் சுற்றுவழி பெரிதாகத் தெரியாது. 200 என்றால் தெரியும். மக்ஸ் சுவிட்ச் தனிக் கார்டை நேராகத் திரையோடு சேர்த்துவிடுகிறது.

போட்டி கேம் ஆடுபவர் இதைக் கேட்டு வாங்கலாம். மற்றவர்களுக்கு இருந்தால் நல்லது, அவ்வளவே. இல்லாதவர்களுக்கு ஒரு வழி: பல லேப்டாப்புகளில் எச்டிஎம்ஐ துளை நேராகத் தனிக் கார்டோடு இணைந்திருக்கும், வெளித்திரை ஒன்றைச் செருகினால் சுற்றுவழி தானாகப் போய்விடும். இன்னொரு சின்னக் குறிப்பு: நேரடி இணைப்பில் விண்டோஸ் திரையும் பிரவுசரும் தனிக் கார்டின் மெமரியில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். 6 ஜிபி கார்டுக்காரர்கள் கேமுக்கு முன் பிரவுசரை மூடிவிடுவது நல்லது.

சார்ஜரைப் பிடுங்கியதும் கேம் படுத்துவிடுகிறது. பேட்டரி பழுதா?

பழுதில்லை, கணக்கு. விமானத்தில் கேள்வி கேட்காமல் கொண்டுபோகும் பேட்டரியின் வரம்பு 100 வாட்-மணி, அதனால் லேப்டாப் பேட்டரிகள் அதற்குள்தான் இருக்கும். 80 வாட்-மணி பேட்டரியில் 150 வாட் இழுத்தால் அரை மணி நேரம்தான் வரும். பேட்டரியால் அவ்வளவு மின்சாரத்தை ஒரே நேரத்தில் கொடுப்பதும் கஷ்டம். ஆகவே கார்டைக் கட்டிப்போடுகிறார்கள். யூஎஸ்பி-சி சார்ஜர் மட்டும் செருகியிருந்தாலும் இதே நிலைதான். 65 வாட், 100 வாட் சார்ஜரால் கேமிங் லேப்டாப்புக்குத் தீனி போட முடியாது. பெட்டியோடு வந்த அந்தச் செங்கல்லைச் சுமந்துதான் ஆக வேண்டும்.

2560-க்கு 1600 திரை வாங்கலாமா, சாதாரண 1080பி போதுமா?

1080பி-யில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 2560-க்கு 1600-ல் சுமார் 41 லட்சம். கார்டுக்கு வேலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. 4050 போட்ட லேப்டாப்பில் இந்தத் திரையை வைப்பது சைக்கிளில் பீரோ ஏற்றுவது போலத்தான். எழுதவும் படிக்கவும் அந்தத் திரை அழகாக இருக்கும், மறுக்கவில்லை. கேமில் டிஎல்எஸ்எஸ்-ஐ (அது என்ன என்று அடுத்த கேள்வியில்) நம்பித்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.

டிஎல்எஸ்எஸ், ஃபிரேம் ஜெனரேஷன் போட்டால் குறையெல்லாம் தீர்ந்துவிடுமா?

என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் செய்வது இது: கேமைச் சின்ன அளவில் வரைந்து, பெரிதாக்கி, விவரங்களை ஊகித்து நிரப்புகிறது. 1080பி திரையில் 'குவாலிட்டி' என்று வைத்தால் உள்ளே வரைவது 1280-க்கு 720 தான். 1440பி-யிலும் அதற்கு மேலும் முடிவு மிக நன்றாக இருக்கும். 1080பி-யில் தூரத்து இலைகளும் கம்பிவேலிகளும் கொஞ்சம் குழையும். ஆனாலும் போடுங்கள், செட்டிங்ஸைத் தரைமட்டம் ஆக்குவதைவிட இது மேல். இதே வேலையைச் செய்யும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர், அதன் 3-ஆம் பதிப்பு வரை, மற்ற நிறுவனங்களின் கார்டுகளிலும் ஓடுவதால், டிஎல்எஸ்எஸ் கிடைக்காத 1650 வைத்திருப்பவர்களுக்கு அது ஒரு வரம்.

ஃபிரேம் ஜெனரேஷன் வேறு ஜாதி. இரண்டு உண்மையான படங்களுக்கு நடுவில் கற்பனைப் படத்தைச் செருகுகிறது. என்விடியாவில் 2022-ல் 40 வரிசையோடு வந்தது. இதில் நான் கறாராக இருக்கிறேன்: அது இல்லாமல் 60 அளவில் வரும் கேமுக்கு மட்டுமே அது பயன்படும். 30-ஐ 60 என்று காட்டினால் மீட்டர் 60 சொல்லும், கையில் 30-ன் மந்தம் அப்படியே இருக்கும். அதோடு அது வி-ரேமையும் தின்னும். எங்கே மெமரி பற்றாக்குறையோ அங்கேயே அதைப் போட்டுவிட்டுத் திணறுகிறது என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

ரே டிரேசிங்?

ஒளி பாயும் வழியைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் வரையும் முறை அது. நடுத்தர லேப்டாப்பில் அணைத்துவிடுங்கள். 2025-ல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் போலச் சில கேம்கள் ரே டிரேசிங் வசதி இல்லாத கார்டில் ஓடவே ஓடாது, அங்கே அணைக்கும் உரிமை நமக்கு இல்லை.

எந்த செட்டிங்கை முதலில் குறைப்பது?

முதலில் எது தடை என்று பாருங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற ஒன்றைத் திரை ஓரத்தில் ஓடவிட்டு, ஜிபியு பயன்பாட்டைக் கவனியுங்கள். 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் கார்டுதான் தடை. 60, 70 என்று நின்றால் சிபியுவோ ரேமோ காலை வாருகிறது. அப்போது நிழலைக் குறைத்து என்ன பயன்? கூட்டத்தின் அடர்த்தி, பார்வைத் தூரம் போன்றவற்றைக் குறைக்க வேண்டும்.

கார்டுதான் தடை என்றால் நிழல், பனிமூட்டம், பிரதிபலிப்பு, ஆம்பியன்ட் அக்லூஷன் (மூலை முடுக்குகளில் விழும் மெல்லிய நிழல்), இந்த வரிசையில் இறக்குங்கள். அல்ட்ராவுக்கும் ஹைக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாத இடங்கள் இவை. டெக்ஸ்சரைத் தொடாதீர்கள், மெமரி நிரம்பாத வரை அதனால் ஃபிரேம் குறைவதில்லை. நிரம்பிவிட்டால் மட்டும், முதலில் டெக்ஸ்சர்தான்.

ரேமுக்கும் கிராபிக்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

நினைப்பதைவிட அதிகம். நான் முன்பு வாங்கிய ஒரு லேப்டாப்பில் ஒரே ஒரு ரேம் குச்சியைச் செருகி அனுப்பியிருந்தார்கள். கார்டைத் திட்டிக்கொண்டே மூன்று மாதம் ஓட்டினேன். அதே அளவில் இன்னொரு குச்சி போட்டதும் திணறல் பாதியாகிவிட்டது. இரண்டு குச்சி இருந்தால் இரட்டைப் பாதை, சிபியு காத்திருக்கும் நேரம் குறைகிறது. தனிக் கார்டே இல்லாமல், ரேடியான் 780எம் போன்ற உள்கிராபிக்ஸில் ஆடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம்; அதற்கு வி-ரேம் என்று தனியாக ஒன்றும் கிடையாது, ரேம்தான் எல்லாம்.

பிறகு கார்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாமா?

முடியாது. மதர்போர்டிலேயே பற்றவைத்திருக்கிறார்கள். ஃபிரேம்வொர்க் லேப்டாப் 16 போல, கார்டைக் கழற்றி மாட்டும் விதிவிலக்குகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான்.

தண்டர்போல்ட் என்ற வேகமான கேபிள் இணைப்பு வழியாக வெளியே ஒரு டெஸ்க்டாப் கார்டை இணைக்கலாம். தண்டர்போல்ட் 3, 4 இரண்டிலும் கார்டுக்குக் கிடைக்கும் பாதை நொடிக்கு அதிகபட்சம் 4 ஜிபி அளவுதான், ஆகவே கார்டின் பலத்தில் ஒரு பகுதி வழியிலேயே கரைந்துவிடும். லேப்டாப்பின் சொந்தத் திரையில் ஆடினால் படம் அதே பாதையில் திரும்பி வர வேண்டும், இன்னும் மோசம். பெட்டி, பவர் சப்ளை, கார்டு எல்லாம் சேர்த்த செலவில் தனி டெஸ்க்டாப்பே கட்டிவிடலாம் என்ற இடத்துக்குத்தான் பலரும் வந்து சேர்கிறார்கள்.

என்னிடம் 4 ஜிபி 3050 இருக்கிறது. விற்றுவிடவா?

எந்த கேமுக்காக என்று சொல்லுங்கள். 2020-க்கு முன் வந்த கேம்களும் போட்டி கேம்களும்தான் என்றால் எதற்கு விற்க வேண்டும்? டெக்ஸ்சர் மீடியம், டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி, ஃபிரேம் வரம்பு 60 என்று வைத்து ஆடுங்கள். என் பழைய லேப்டாப்பிலும் இதே கார்டுதான், ஜிடிஏ 5 இன்றும் அதில் ஓடுகிறது. புதிய பெரிய கேம்கள்தான் வேண்டும் என்றால், அடுத்ததை 8 ஜிபியோடு, வாட் எண்ணை வெளிப்படையாக எழுதியிருக்கும் பெட்டியாகப் பார்த்து எடுங்கள். ஒரே ரேம் குச்சியோடு வந்தால் அன்றைக்கே இன்னொன்று வாங்கிப் போட்டுவிடுங்கள்.